பாலமீன்மடுவிலிருந்து தென் ஜோர்ஜியா வரை: தென்கடல் தீவுப் பறவைகளை இனங்காண ஒரு முழுமையான வழிகாட்டி

அம்பாறை மாவட்டத்துச் சங்கமன்கண்டி முனைதான் இலங்கையின் கிழக்கு அந்தம். அங்கே நின்று தெற்கு நோக்கி மனதுக்குள் ஒரு நேர்கோடு இழுத்துப் பாருங்கள். அந்தாட்டிக்காவின் பனிக்கரை வரும்வரை எட்டாயிரம் கிலோமீற்றருக்கு மேல் தண்ணீர்தான். ஒரு திட்டி நிலமும் குறுக்கே வராது. அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேற்கே, தெற்கு 49ஆம் பாகையில் கேர்கெலன் தீவுகள் கிடக்கின்றன. அதற்கும் கீழே, 53ஆம் பாகையில் ஹேர்ட் தீவு. மட்டக்களப்பிலிருந்து கேர்கெலனுக்குச் சுமார் 6,400 கிலோமீற்றர். நம் கடலும் அந்தத் தீவுகளின் கடலும் ஒரே கடல்.

நான் கப்பலில் சலவைப் பகுதியில் வேலை செய்தவன். ஆர்ஜென்ரீனாவின் உசுவாயாத் துறைமுகத்திலிருந்து, தென் அத்திலாந்திக்கில் கிடக்கும் தென் ஜோர்ஜியாத் தீவுக்குப் போகும் கப்பலில் மூன்று பருவம் இருந்தேன். துவாய்களும் படுக்கை விரிப்புகளும் உலர்த்தியில் சுற்றும் நேரத்தில் பின்தளத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்ததுதான் என் படிப்பு. ஊருக்கு வந்தபோது மட்டக்களப்புக் கல்லடியில் பிள்ளைகள் சுற்றி இருந்து கேள்வி கேட்டார்கள். அவர்களிடம் கொடுக்கத் தமிழில் ஒரு தாளும் என்னிடம் இருக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முழுவதையும் வாசிக்க நேரமில்லாதவர்கள் இதை மட்டும் மனதில் வையுங்கள்: நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் பருமன், பிறகு பறக்கும் விதம், பிறகு அலகு. தென்கடலில் பாதிப் பறவைகள் கறுப்பு, வெள்ளை, சாம்பல்தான். நிறத்தை நம்பினால் முதல் நாளே குழம்பிப் போவீர்கள்.

முதற் படி: ஊரிலேயே கண்ணைப் பழக்குவது

இந்தப் பாடத்தை எனக்குச் சொல்லித் தந்தவர் எந்தக் கப்பல் நிபுணரும் அல்லர். என் தாய்மாமா. முகத்துவாரத்தில் தோணி வைத்திருந்தவர். சின்ன வயதில் அவரோடு விடியற்காலையில் பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கம் நிற்கும்போது, பறந்துபோன ஒன்றைக் காட்டி, "அது என்ன நிறம் மாமா?" என்று கேட்டேன். "நிறத்தப் பாக்காத மனே. சூரியன் முகத்துக்கு நேர நிக்கு, எல்லாம் கறுப்பாத்தான் தெரியும். அது சிறகடிக்கிறதப் பாரு" என்றார்.

கிழக்குக் கரையில் பிறந்தவர்களுக்கு இது ஒரு கொடுப்பினை. காலை வெயில் கடலிலிருந்து நம் கண்ணுக்குள் அடிக்கிறது, பறவை வெறும் நிழலுருவாகத்தான் தெரிகிறது. மேகம் கவிந்த தென்கடலிலும் அப்படித்தான் தெரியும். ஆகவே பயிற்சியை இங்கேயே தொடங்குங்கள்.

ஒக்ரோபர் முதல் மார்ச் வரை, ஒரு கிழமைக்கு இரண்டு காலை, முகத்துவாரத்தில் ஒரு மணித்தியாலம் நின்றால் போதும். ஆலாக்களை மட்டும் பாருங்கள். வாவிக்கு மேலும் வயலுக்கு மேலும் தாழப் பறந்து, தண்ணீரை அலகால் தொட்டுத் தொட்டு எழும்புவது மீசை ஆலா. கடற்கரையோரமாக நீளச் சிறகோடு விரைந்து போய்த் தலைகீழாகப் பாய்வது கொண்டை ஆலா, அதன் அலகு மஞ்சள். கரட் கிழங்கைக் கவ்வியதுபோல் தடித்த சிவப்பு அலகோடு, கடற்காகத்தின் பருமனில் வருவது கஸ்பியன் ஆலா. தடித்த கறுப்பு அலகோடு, பாயாமல் வழித்துக்கொண்டு போவது இன்னொரு வகை.

கொப்பியில் ஐந்து கோடு கிழித்துக்கொள்ளுங்கள்: பருமன், சிறகடிப்பு, வால், அலகு, கடைசியில் நிறம். நாலு கட்டமும் நிரம்பும்வரை ஐந்தாவதைத் தொடக்கூடாது. நான் இருபது காலை இப்படி எழுதிய பிறகுதான் ஆலாக்களைச் சூரியனுக்கு எதிரே பார்த்தும் பிரிக்க முடிந்தது.

இன்னொன்று. மாரிகாலத்தில் இங்கே வரும் மீசை ஆலாவுக்குக் கோடைகாலத்துக் கறுத்த வயிறும் முழுத் தொப்பியும் இருக்காது. ஒரே பறவை இரண்டு உடுப்பு உடுத்தும். இதை இங்கே விளங்கிக்கொண்டவர்களுக்குத் தென் ஜோர்ஜியாவில் பெரிய உதவி கிடைக்கும். அங்கே டிசம்பரில் அந்தாட்டிக் ஆலா முழுக் கறுப்புத் தொப்பியும் சிவப்பு அலகுமாகக் குஞ்சு வளர்த்துக்கொண்டிருக்கும். அதே நாட்களில் வட துருவப் பக்கமிருந்து வந்த ஆர்க்டிக் ஆலா, நெற்றி வெளுத்து, அலகு கறுத்து, அந்தத் தென்கடலிலேயே திரியும்.

இரண்டாம் படி: இடத்தை விளங்கிக்கொள்வது

அந்தாட்டிக்காவைச் சுற்றி, சுமார் 46 முதல் 55 பாகை வரை சிதறிக் கிடக்கும் தீவுகளைத்தான் இங்கே சொல்கிறேன். தென் ஜோர்ஜியா, மரியன், குறோசே, கேர்கெலன், ஹேர்ட், மக்குவாரி, நியூசிலாந்துக்குக் கீழே ஓக்லாந்து, கம்பெல் தீவுகள். ஊர் என்று ஒன்றும் இல்லை. சில தீவுகளில் ஆய்வு நிலையங்கள் மட்டும் உண்டு. மரம் இல்லாத தீவுகளே கூடுதல். காற்றை மறித்து நிறுத்த உலகத்தின் அந்தப் பாகையில் நிலம் மிகக் குறைவு. அதனால்தான் அல்பட்ரோஸ் என்ற நீளச் சிறகுக் கடற்பறவை அங்கே வாழ்கிறது. காற்று நின்றால் அந்தப் பறவையால் தூரம் போக முடியாது.

தெற்கே போகும் கப்பல் ஒரு கட்டத்தில் குளிர்நீரும் சற்றுச் சூடான நீரும் சந்திக்கும் எல்லையைக் கடக்கும். ஒரே பகலில் கடல் நீரின் வெப்பம் மூன்று நான்கு பாகை இறங்கும். பல தடவை மூடுபனி கவியும். அந்த இடத்தில் கீழிருந்து ஊட்டம் மேலே வருவதால் இறால் போன்ற சிறு உயிர்கள் பெருகும், பறவையும் பெருகும். அன்றைக்குத் தூக்கத்தை விட்டாவது தளத்தில் நில்லுங்கள்.

பருவம் நொவெம்பர் முதல் மார்ச். நமக்கு வாடைக்காற்றும் மழையும் அடிக்கும் மாதங்கள்.

மூன்றாம் படி: போகும் வழி

சுற்றுலாக் கப்பல்கள் உசுவாயாவிலிருந்து போக்லாந்து வழியாகத் தென் ஜோர்ஜியாவுக்குப் போகின்றன. கேர்கெலனுக்கும் குறோசேக்கும் றியூனியன் தீவிலிருந்து 'மரியன் டியூபிரேன்' என்ற பிரெஞ்சுக் கப்பல் வருடத்தில் சில தடவை ஆய்வு நிலையங்களுக்குச் சாமான் கொண்டுபோகும், அதில் மிகச் சில பயணிகளுக்கு இடம் உண்டு. இவற்றின் செலவு நம்மில் பெரும்பாலானோரின் கைக்கு எட்டாதது. அதை மறைத்து எழுத நான் விரும்பவில்லை. ஆனால் கப்பல் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் ஏராளம். சமையலறையிலும் சலவையிலும் இயந்திர அறையிலும் இருப்பவர்களுக்கும் அந்தக் கடல் சொந்தம்தான். இந்த வழிகாட்டியை முக்கியமாக அவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

நான்காம் படி: கையில் என்ன வேண்டும்

எட்டு மடங்கு பெருக்கும், 42 மில்லிமீற்றர் வாய் உள்ள பைனாகுலர். பத்து மடங்கு வாங்காதீர்கள், ஆடும் கப்பலில் கை நடுக்கமும் பத்து மடங்காகும். உப்புநீர் பட்டால் உலர்ந்த துணியால் தேய்க்கக் கூடாது, கண்ணாடி கீறிவிடும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் முதலில் ஒற்றி எடுங்கள். கொப்பிக்குப் பென்சில்தான், பேனை ஈரத்தில் எழுதாது. விரல் நுனி திறக்கக்கூடிய கையுறை, காற்றுப் புகாத மேற்சட்டை, கழுத்தை மூடும் துணி. கமரா இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறை இல்லை. நான் முதற் பருவம் முழுவதும் கமரா இல்லாமல்தான் பார்த்தேன், அந்தப் பருவத்தில்தான் அதிகம் கற்றேன்.

ஐந்தாம் படி: கப்பலிலிருந்து பறக்கும் விதத்தைப் படிப்பது

பின்தளத்தில், காற்று மறைப்பாக நில்லுங்கள். கப்பல் கிளப்பிவிடும் நுரையைப் பின்தொடர்ந்து பறவை வரும். யாருக்காவது காட்ட வேண்டுமென்றால் கப்பலைக் கடிகாரமாக நினையுங்கள்: முனை பன்னிரண்டு, பின்பக்கம் ஆறு. "அங்கே, அங்கே" என்று கத்தினால் யாருக்கும் தெரியாது. "ஐந்து மணியில், அடிவானத்துக்குக் கீழே" என்றால் எல்லோருக்கும் கிடைக்கும்.

சிறகை அடிக்கவே அடிக்காமல், ஒரு பக்கச் சிறகு நுனி அலையைத் தொட, மறு பக்கம் வானத்தைக் காட்ட, வளைந்து எழும்பி வளைந்து இறங்குவது அல்பட்ரோஸ். காற்று அலைக்குக் கிட்ட மெதுவாகவும் உயரத்தில் வேகமாகவும் வீசும். அந்த வித்தியாசத்தை வைத்தே அது மணிக்கணக்காகப் பறக்கிறது. கிட்டத்தட்ட அதே பருமன், ஆனால் கூன் விழுந்த முதுகு, விறைத்த சிறகு, இடையிடையே அடிப்பு என்றால் இராட்சதப் பெற்றல் (பெற்றல் என்பது அல்பட்ரோசுக்கு உறவான கடற்பறவை). உடல் முழுக்கக் கறுத்து, அலகு மட்டும் வெளிறித் தெரிவது வெண்தாடைப் பெற்றல்.

புறாவை விடச் சின்னதாய், நீலச் சாம்பலாய், நூற்றுக்கணக்கில் பக்கத்துக்குப் பக்கம் சரிந்து பறந்தால் பிரியன். முதுகில் இரண்டு சிறகையும் இணைத்துக் கறுப்புக் கோணல் கோடு ஓடும். பிரியனில் பல இனம் உண்டு. அவற்றை ஓடும் கப்பலிலிருந்து பிரிப்பது தேர்ந்தவர்களுக்கே சிரமம். கொப்பியில் "பிரியன், இனம் தெரியவில்லை" என்று எழுதுவது வெட்கமில்லை. ஊகித்து எழுதிய பெயரை விட அது பெறுமதியான பதிவு.

குண்டாக, கட்டைச் சிறகைத் தேனீபோல் படபடவென்று அடித்து, அலைக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வந்தால் முக்குளிக்கும் பெற்றல். அதிலும் இரண்டு இனத்தைக் கடலில் பிரிக்க முடியாது, விடுங்கள்.

அலையின் மேலே கால் தொட்டு நடப்பதுபோல் துள்ளித் திரியும் சின்னக் கறுப்புப் பறவை புயல் பெற்றல். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அது நம் பறவை.

ஆறாம் படி: அலகு

குடும்பத்தைப் பறக்கும் விதம் காட்டும், இனத்தை அலகு காட்டும். அல்பட்ரோசுக்கும் பெற்றலுக்கும் மூக்குத் துவாரம் குழாயாக இருக்கும். அல்பட்ரோசுக்கு அலகின் இரு பக்கமும் ஒவ்வொரு சிறு குழாய், பெற்றலுக்கு இரண்டும் சேர்ந்து அலகின் மேலே. குடிக்கும் கடல்நீரின் உப்பைத் தலையிலுள்ள சுரப்பி பிரித்து எடுக்க, அது மூக்கு வழியாகச் சொட்டும். கிட்டப் பார்த்தால் அலகு நுனியில் துளி தொங்குவது தெரியும்.

நடுத்தர அல்பட்ரோஸ்கள் இரண்டை எல்லோரும் குழப்புவார்கள். வெள்ளைத் தலை, கண்ணுக்கு மேலே மை தீட்டியதுபோல் கோடு, செம்மஞ்சள் அலகு என்றால் கரும்புருவ அல்பட்ரோஸ். சாம்பல் தலை, கறுத்த அலகின் மேலும் கீழும் மஞ்சள் கோடு என்றால் சாம்பல்தலை அல்பட்ரோஸ். இளம் பறவைகளில் இந்த அடையாளம் தெளியாது.

பெரியவற்றில், அலைந்து திரியும் அல்பட்ரோசுக்குச் சிறகு விரிப்பு மூன்றரை மீற்றர் வரை வரும். குஞ்சு பறந்து போகும்போது உடல் கபிலமாய், முகம் மட்டும் வெள்ளையாய் இருக்கும், வருடம் போகப் போக வெளுக்கும். றோயல் அல்பட்ரோஸ் என்ற இன்னொன்றும் அதே பருமன். அதன் அலகு இரண்டும் மூடும் விளிம்பில் மெல்லிய கறுப்புக் கோடு ஓடும். கப்பலுக்குப் பக்கத்தில் வரும்போது அந்தக் கோட்டைத் தேடுங்கள்.

இராட்சதப் பெற்றலிலும் இரண்டு இனம். அலகு நுனி வெற்றிலை போட்ட உதடுபோல் செங்கபிலமாய் இருந்தால் வடக்கு இனம். பாசி பிடித்ததுபோல் பச்சையாய் இருந்தால் தெற்கு இனம். முழு வெள்ளையாக ஒன்று வந்தால் அது தெற்கு இனம்தான், வடக்கில் வெள்ளை வடிவம் இல்லை. இந்த ஒரு அடையாளத்தை நான் பிடித்துக்கொண்ட நாள் இன்னும் நினைவிருக்கிறது. தளக் கம்பிக்கு நேரே, நாலு முழத் தூரத்தில், காற்றில் அசையாமல் நின்று என்னைப் பார்த்தது ஒன்று. நுனி சிவந்திருந்தது. கோப்பைத் தேநீர் ஆறிப்போனதும் தெரியாமல் நின்றேன்.

ஏழாம் படி: கரையில்

கரையில் பறவை உங்களைக் கண்டு ஓடாது. அதனால் அவசரப்பட வேண்டாம். முதல் பத்து நிமிடம் பைனாகுலரைத் தொடாமல் நின்று பாருங்கள்.

பென்குயின்களைத் தலையைப் பார்த்தே பிரிக்கலாம். காதோரம் செம்மஞ்சள் திட்டு, தொண்ணூறு சென்ரிமீற்றர் உயரம் என்றால் அரச பென்குயின். கண்ணுக்கு மேலே வெள்ளைத் திட்டு, செம்மஞ்சள் அலகு என்றால் ஜென்ரூ. மஞ்சள் குஞ்சம் நெற்றி நடுவில் சேர்ந்தால் மக்கரோனி. குஞ்சம் சேராமல் புருவம்போல் பிரிந்து நின்று, ஆளும் சின்னதாய் இருந்தால் றொக்ஹொப்பர். முகம் வெளுத்த றோயல் பென்குயின் முட்டையிடுவது மக்குவாரித் தீவுப் பக்கம் மட்டும்தான்.

அரச பென்குயின் குஞ்சு அடர்ந்த கபிலத் தும்போடு, தாயின் சாயலே இல்லாமல் நிற்கும். ஆதியில் வந்த கடலோடிகள் அதை வேறொரு இனமென்றே எண்ணினார்கள். ஒரு குஞ்சை வளர்த்து அனுப்ப ஒரு வருடத்துக்கு மேல் பிடிப்பதால், கூட்டத்தில் எந்த மாதம் போனாலும் குஞ்சைக் காணலாம். தென் ஜோர்ஜியாவின் செயின்ற் அன்றூஸ் குடாவில் ஒன்றரை இலட்சம் சோடி அளவில் நிற்கின்றன. அந்த இரைச்சலும் நாற்றமும் உடுப்பில் ஏறினால் இரண்டு தடவை துவைக்க வேண்டும், சலவைக்காரன் சொல்கிறேன்.

வாவி நீர்க்காகத்தைத் தெரிந்தவர்கள் அங்குள்ள நீர்க்காகத்தை ஒரு பார்வையில் பிடிப்பார்கள். அதே கழுத்து, அதே இருப்பு, வயிறு மட்டும் வெள்ளை, கண்ணைச் சுற்றி நீல வளையம். கோழிபோல் நடந்து திரியும் வெள்ளைப் பறவைக்குக் காலில் சவ்வு இல்லை, உறையலகு என்று வைத்துக்கொள்வோம். கபில ஸ்குவா என்ற வேட்டைக் கடற்பறவையின் கூட்டுக்குக் கிட்டப் போனால் அது தலைக்குப் பாயும், கையை உயர்த்திப் பிடித்தபடி வந்த வழியே திரும்புங்கள்.

புல் மேட்டில் ஒரு சின்னக் குரல் கேட்டால் நின்றுவிடுங்கள். அது தென் ஜோர்ஜியாப் பிப்பிற், நம் வயலில் ஓடும் நெட்டைக்காலிக்கு உறவு. தென் ஜோர்ஜியாவில் முட்டையிடும் ஒரே பாட்டுப் பறவை. கடல்நாய் வேட்டைக்காரர்களும் திமிங்கில வேட்டைக்காரர்களும் கொண்டுவந்த எலிகள் அதை ஒதுக்கித் தள்ளியிருந்தன. 2011 முதல் 2015 வரை ஹெலிகொப்ரரால் நஞ்சு தூவி எலிகளை ஒழித்தார்கள். 2018இல் தீவு எலியற்றது என்று அறிவித்தார்கள். அதன் பிறகு பிப்பிற் பரவிவிட்டது. மனிதன் செய்த கேட்டை மனிதனே திருத்திய இடம் அது. ஆகவே அடுத்த படியைத் தயவுசெய்து முழுமையாக வாசியுங்கள்.

எட்டாம் படி: கேடு செய்யாமல் பார்ப்பது

இறங்குவதற்கு முன் சப்பாத்தின் அடியில் உள்ள ஒவ்வொரு பள்ளத்தையும் ஊசியால் கிளறிக் கழுவ வேண்டும். காற்சட்டைப் பையைப் புரட்டுங்கள். ஒட்டுப்பட்டியில் ஒரு புல்விதை இருந்தாலும் அந்தத் தீவுக்கு அது பகை.

பறவைக்கும் உங்களுக்கும் இடையே குறைந்தது ஐந்து மீற்றர். கூட்டில் இருக்கும் அல்பட்ரோசுக்கு இன்னும் கூட. அலைந்து திரியும் அல்பட்ரோஸ் வருடத்துக்கு ஒரு முட்டைகூட இடாது. டிசம்பரில் இட்ட முட்டையின் குஞ்சு அடுத்த வருடக் கடைசியில்தான் பறக்கும். ஒரு கூடு பாழானால் அந்த உழைப்பு முழுவதும் பாழ்.

2023 ஒக்ரோபரில் கொடிய பறவைக் காய்ச்சல் தென் ஜோர்ஜியாவுக்கு வந்தது. முதலில் ஸ்குவாக்கள் இறந்தன. 2024இல் மரியன், குறோசே, கேர்கெலன் தீவுகளையும் அது தொட்டது. அதனால் கரையில் குந்தியிருக்கவோ, முழந்தாளிடவோ, பையைத் தரையில் வைக்கவோ கூடாது. செத்த பறவையைக் கண்டால் தொடாமல் வழிகாட்டிக்குச் சொல்லுங்கள்.

மீன்பிடிக் கப்பலில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீளக் கயிற்றில் ஆயிரக்கணக்கான தூண்டில் கட்டி விடும்போது, இரையைக் கவ்வி அல்பட்ரோசும் வெண்தாடைப் பெற்றலும் மூழ்கிச் சாகின்றன. இரவில் தூண்டில் விடுவது, கயிற்றுக்குப் பாரம் கட்டுவது, பின்புறம் நாடா பறக்கவிட்டு விரட்டுவது, இந்த மூன்றும் சாவை வெகுவாகக் குறைக்கும்.

ஒன்பதாம் படி: இரவும் விளக்கும்

தீவுக்குக் கிட்ட நங்கூரமிட்ட இரவில் எல்லா யன்னலுக்கும் திரை போட வேண்டும். சின்னப் பெற்றல்கள் இரவில்தான் கூட்டுக்கு வரும். வெளிச்சத்தைக் கண்டு குழம்பிக் கப்பலில் மோதும். ஒரு பயணத்தில் ஒரு தளத்தின் திரையை இழுக்க மறந்துவிட்டார்கள். விடியுமுன் கூட்டப் போன நான் கண்டது, படிக்கட்டின் கீழே ஈரத்தில் ஒட்டிக் கிடந்த ஒரு புயல் பெற்றல். பொறுப்பாளர் தந்த கையுறையைப் போட்டு எடுத்தேன். கையில் பாரமே இல்லை. பழைய பெட்டகத்தைத் திறந்ததுபோல் ஒரு கஸ்தூரி மணம். கறுத்த உடல், இடுப்பைச் சுற்றி வெள்ளை, குச்சிக் கால்கள். காலை விரித்தபோது ரோர்ச் வெளிச்சத்தில் விரலிடைச் சவ்வு மஞ்சளாய், மஞ்சள் பூசிய கல்யாணத் தாலிக்கயிற்றின் நிறத்தில் இருந்தது. வில்சன் புயல் பெற்றல். உலர்ந்த அட்டைப்பெட்டியில் இருட்டில் வைத்தோம். சிறகு காய்ந்ததும் விளக்கணைத்துக் கம்பிக்கு வெளியே விட்டோம்.

பத்தாம் படி: ஊர் திரும்பிய பிறகு

அந்தப் பறவை ஏன் நம் பறவை என்று சொன்னேன்? தென் ஜோர்ஜியாவிலும் கேர்கெலனிலும் அந்தாட்டிக்காக் கரையிலும் குஞ்சு பொரித்து முடித்ததும், அது பூமத்திய ரேகையைத் தாண்டி வடக்கே வரும். வட இந்து சமுத்திரத்திலும் இலங்கையைச் சூழ்ந்த கடலிலும் சோளகக் காற்று வீசும் மாதங்களில் அதைக் காணலாம். முப்பது நாற்பது கிராம் எடையுள்ள உயிர்.

கரையிலிருந்து அதைப் பார்ப்பது அரிது, ஆழ்கடல் வேண்டும். வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து பல நாள் படகில் போகும் தொழிலாளர்களிடம் கேளுங்கள். பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், அடையாளத்தைச் சொல்லுங்கள்: "அடைக்கலக் குருவியிலும் கொஞ்சம் பெரிசு, கறுப்பு, இடுப்பில வெள்ளை, தண்ணிக்கு மேல நடக்கிற மாதிரித் துள்ளும். பறக்கேக்க கால் வாலுக்கு வெளிய நீட்டிக்கொண்டு நிக்கும்." கண்டதாகச் சொன்னால் திகதி, கரையிலிருந்து எத்தனை மணித்தியால ஓட்டம், எத்தனை பறவை, படகில் யாரிடமாவது ஜீபிஎஸ் புள்ளி இருக்கிறதா என்று எழுதிக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசிப் படம் கலங்கலாக இருந்தாலும் வாங்கி வையுங்கள். ஈபேர்ட் செயலியில் அந்தப் பதிவைச் சேர்த்தால் கேர்கெலனில் ஆய்வு செய்பவருக்கும் அது கிடைக்கும்.

போன வருடம் மாமாவிடம் இந்த அடையாளத்தைச் சொன்னேன். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருந்தார். "கடலுக்குள்ள கண்டிருக்கன் மனே. வலை இழுக்கக்குள்ள தோணிக்குப் பின்னால வரும். காலத் தண்ணில தட்டித் தட்டி" என்று, இரண்டு விரலால் மேசையில் தட்டிக் காட்டினார்.